மேடை ஏறாத உரையின் வீடு

மும்பை தாதரில், இந்து காலனியில் ராஜகிருகம் இருக்கிறது. 1936இல் அம்பேத்கர் லாகூர் மாநாட்டுக்கான தலைமையுரையை எழுதி அச்சுக்குக் கொடுத்த காலத்தில் வாழ்ந்த வீடு. மேல்மாடி முழுக்கப் புத்தகம். பகலில் அரசு சட்டக் கல்லூரி முதல்வர் வேலை. முந்தைய ஆண்டு மே மாதம்தான் மனைவி ரமாபாயைப் பறிகொடுத்திருந்தார். அக்டோபரில் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்திருந்தார்.

மாநாட்டுக்கு அழைத்த சாதி ஒழிப்பு அமைப்பான ஜாத்-பாத்-தோடக் மண்டலுக்கு உரையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்றார் இவர். மாநாடு நின்றது. மே 15 தேதியிட்ட முன்னுரையோடு, சொந்தச் செலவில் 1,500 படிகள் வெளியாகி, இரண்டே மாதத்தில் தீர்ந்தன. மாநாடு நடந்திருந்தால் கைதட்டலோடு போயிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1937இல் இரண்டாம் பதிப்பு வரும்போது உரை இரண்டு மொழிகளுக்குப் போய்விட்டிருந்தது: ஒன்று குஜராத்தி, மற்றது தமிழ். பெரியார்தான் தமிழில் வெளியிட்டவர். எங்கள் கோலார் தங்கவயலில் இதற்கு முன்பே மண் பதமாகியிருந்தது. மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கக் கிளை இருந்தது. சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை பௌத்த நூல்களைத் தமிழில் அச்சிட்டது. அயோத்திதாசர் நடத்தி, நின்றுபோன ‘தமிழன்’ இதழை 1926இல் அப்பாதுரையார் இங்கிருந்தே மீண்டும் நடத்தினார்.

 

ராஜகிருகத்தின் கீழ்த்தளம் இன்று நினைவகம். மாடியில் குடும்பத்தார் வசிக்கிறார்கள். 2020 ஜூலையில் யாரோ புகுந்து பூந்தொட்டிகளை உடைத்து, கண்ணாடி மீது கல்லெறிந்தார்கள். அம்பேத்கர் காலத்தில் அலமாரிகளில் இருந்த நூல்களில் பெரும்பகுதி அவர் தொடங்கிய கல்லூரிகளுக்குப் போய்விட்டது. புத்தகத்துக்காகவே கட்டிய வீட்டில் இப்போது மேசையையும் நாற்காலியையும் பார்க்கிறோம். கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் அவரது நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அங்கே போய்ப் பார்க்க வேண்டும். அவர் உடல் எரியூட்டப்பட்ட சைத்யபூமிக்கு வரும் லட்சக்கணக்கானோரில் பலர் இந்த வீட்டுக்கும் வருவார்கள். சிவாஜி பூங்கா நடைபாதையெங்கும் புத்தகக் கடைகள். லாகூர் கேட்க மறுத்த உரை அங்கே பல மொழிகளில் அடுக்கி வைத்து விற்பனையாகிறது.