உங்களுக்குத் தெரியுமா? பயங்கரவாதத்தின் பல முகங்கள்!

குண்டு வைத்தவன் எதற்காக வைத்தான்? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வரலாற்றைப் புரட்டினோம். கிடைத்த பதில் ஒவ்வொன்றும் தூக்கிவாரிப் போடுகிறது! இதோ...

★ மக்களை நடுங்க வைப்பதையே கொள்கையாக வைத்து ஆண்டது ஓர் அரசு! பிரான்ஸ், 1793-94. மரண தண்டனைக்குப் பலியானவர்கள் சுமார் 17,000 பேர். அதை முன்னின்று நடத்திய ரோபஸ்பியரின் தலையும் 1794 ஜூலையில் கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியில் உருண்டது!

★ அரசாங்கமே கூடாது என்றார்கள் அனார்க்கிஸ்டுகள். பிரான்ஸ் அதிபர், ஸ்பெயின் பிரதமர், ஆஸ்திரியப் பேரரசி, இத்தாலி மன்னர், அமெரிக்க அதிபர்... 1894 முதல் 1901 வரை அவர்கள் கையால் செத்தவர்கள் இத்தனை பேர்!

★ அந்தப் பேரரசி எலிசபெத்தைக் கொன்றவன் தேடி வந்தது வேறொரு இளவரசரை! அவர் அப்போது ஜெனீவாவில் இல்லை. அரச குடும்பத்தில் யாராக இருந்தால் என்ன என்று பேரரசியைக் குத்திவிட்டான். ஆயுதம்? கூராகத் தீட்டிய ஓர் அரம்!

★ பாஸ்க் மக்களுக்குத் தனிநாடு கேட்டது ஸ்பெயினின் 'எட்டா' இயக்கம். 1959-ல் தொடக்கம், 2018-ல் கலைப்பு. பலி 800-க்கும் மேல். பாஸ்க் தனிநாடு? கடைசி வரை கிடைக்கவே இல்லை!

★ வெனிசுவேலாவில் ஒரு கம்யூனிஸ்ட் வக்கீல். மூன்று மகன்களுக்கும் அவர் வைத்த பெயர்கள்: இலிச், லெனின், விளாதிமிர்! மூத்தவர் இலிச்தான் 1975-ல் வியன்னாவில் எண்ணெய் வள நாடுகளின் அமைச்சர்களையே பணயக் கைதிகளாகப் பிடித்த 'கார்லோஸ்'!

★ கொள்கையும் இல்லை, மதமும் இல்லை. அமெரிக்கச் சிறைக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான்! கொலம்பியாவின் போதைப்பொருள் மன்னன் எஸ்கோபாரின் ஆட்கள் 1989-ல் ஒரு விமானத்தையே வெடிக்க வைத்தார்கள். அதிலிருந்த 107 பேரும் பலி. குறி வைக்கப்பட்ட அதிபர் வேட்பாளர் கவிரியா விமானத்தில் ஏறவே இல்லை. அடுத்த வருடமே அதிபர் ஆனார்!

★ டோக்கியோ, 1995 மார்ச் 20. காலை நேரத்தில் ஐந்து சுரங்க ரயில்களில் சாரின் விஷ வாயு! செய்தது, உலகம் அழியப்போகிறது என்று நம்பிய 'ஓம் ஷின்ரிக்யோ' என்ற மதக்குழு. வாயுவைத் திறந்துவிட்டவர்களில் ஒருவர்... இதய அறுவை சிகிச்சை நிபுணர்!

★ உள்ளூர் தேர்தலில் ஜெயிக்க விஷக் கிருமி! 1984, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். எதிர் ஓட்டுப் போடுபவர்கள் படுக்கையில் கிடக்கட்டும் என்று ரஜனீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர் ஓட்டல் சாலட்டில் கிருமியைக் கலந்தார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. நோயில் விழுந்தவர்கள் 751 பேர்!

★ 16 வயதில் ஹார்வர்டில் சேர்ந்த கணித மேதை டெட் கசின்ஸ்கி. அவருக்குப் பகை, நவீன தொழில்நுட்பம்! 17 வருடம் தபாலில் குண்டு அனுப்பியும், அங்கங்கே வைத்தும் 3 பேரைக் கொன்றார். அவருடைய 35,000 வார்த்தை அறிக்கை 1995-ல் பத்திரிகையில் வெளியானது. எழுத்து நடையை வைத்தே காட்டிக்கொடுத்தது, சொந்தத் தம்பி!

★ தன் நாட்டு அரசு மீதே கோபம். 1995-ல் ஓக்லஹோமாவில் குண்டு வைத்தான் திமோத்தி மெக்வெய். பலி 168. அதில் பச்சைக் குழந்தைகள் உட்பட 19 சிறுவர்கள்! ஒன்றரை மணி நேரத்தில் போலீசிடம் சிக்கினான். எதற்காக? காரில் நம்பர் பிளேட் இல்லை!

★ லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையின் வாழிடத்துக்காகத் தீ வைத்தவர்களும் உண்டு! 1998, அமெரிக்காவின் கொலராடோவில் 'வெய்ல்' பனிச்சறுக்கு மையம். 'பூமி விடுதலை முன்னணி' பொறுப்பேற்றது. சேதம் 1.2 கோடி டாலர். உயிரிழப்பு பூஜ்யம்!

★ சரி, இந்தக் குழுக்கள் எப்படி ஒழிகின்றன? 1968 முதல் 2006 வரை முடிவுக்கு வந்த 268 குழுக்களை அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் அலசியது. அரசியலுக்கு வந்து ஆயுதத்தைக் கீழே போட்டவை 43 சதவீதம். போலீசும் உளவுத்துறையும் முடித்தவை 40 சதவீதம். எதற்காக அடிக்கிறான் என்று தெரிந்துகொண்டால்தான் இந்த இரண்டு வழியும் திறக்கும்! ராணுவம் அடித்து ஒழித்தவை எவ்வளவு தெரியுமா? வெறும் 7 சதவீதம்!