பாளையக்காரர் மண்ணில் ஒரு துப்பாக்கி லைசென்ஸ்!

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டுவிட்டால் போதும். சுவர் விளம்பரங்களை அழிப்பது, தலைவர்கள் சிலைகளைத் துணியால் மூடுவது என்று ஒரு பக்கம் வேலை நடக்கும். இன்னொரு பக்கம், காவல் நிலையங்களில் ஒரு பட்டியலை எடுத்துத் தூசி தட்டுவார்கள். அந்த எல்லைக்குள் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி யார் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் அது. “அண்ணாச்சி, துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைச்சிட்டு ரசீது வாங்கிட்டுப் போயிருங்க” என்று தகவல் போகும். வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகு ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் காவலர்கள், போட்டிகளில் கலந்துகொள்ளும் துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்றோருக்குப் பொதுவாக விலக்கு உண்டு.

தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரத்திலும் இதே நடைமுறைதான். ஆனால், அரசாங்கத்திடம் ஆயுதத்தை ஒப்படைக்கும் கதை இந்த ஊருக்கு 200 வருடங்களுக்கும் மேல் பழையது.

எட்டயபுரம் என்றதும் யாருக்கும் பாரதியார்தான் முதலில் நினைவுக்கு வருவார். இசை ரசிகர்கள் முத்துசுவாமி தீட்சிதரின் சமாதியைச் சொல்வார்கள். மூன்றாவதாக ஒரு பெயர் உண்டு. அதைச் சொன்னால் உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் நெளிவார்கள். எட்டப்பன்! 1959ல் சிவாஜி கணேசன் நடித்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வந்த பிறகு, காட்டிக்கொடுப்பவர்களுக்கு அதுவே பொதுப்பெயர் ஆகிவிட்டது. இன்று நடைமுறையில் இருக்கும் ஆயுதச் சட்டமும் அதே 1959ல் வந்ததுதான் என்பது தற்செயலான ஒற்றுமை.

வென்றவர் பக்கம் நின்றும்...

1799 செப்டம்பர் 5ம் தேதி மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதலில் கும்பெனிப் படைக்குப் பலத்த அடி. மண்கோட்டைக்குள் இருந்தவர்களிடம் ஈட்டியும் வாளும் மட்டுமல்ல, திரியைப் பற்றவைத்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கிகளும் இருந்தன. பிறகு கோட்டை விழுந்தது. அக்டோபர் 16ம் தேதி கட்டபொம்மன் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அதே மாதத்தில், பாளையக்காரர்கள் தங்கள் கோட்டைகளை இடித்து, ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பானர்மேன் உத்தரவு போட்டார்.

உத்தரவு போட்டதும் அடங்கிவிடவில்லை. 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களிலேயே எழுப்பிவிட்டார். அதைப் பிடிக்க கும்பெனிக்கு மே 24 வரை ஆனது. அக்டோபரில் மருது சகோதரர்களும், நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, 1801 டிசம்பர் 1ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். தென்சீமையில் ஆயுதம் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் தடை செய்யப்பட்டது. பாளையக்காரர்கள் படை வைத்துக்கொள்ளும் வழக்கமே ஒழிந்தது. ஆயுதத்தைக் கீழே வைத்தால் மன்னிப்பு, நிலத்துக்கு நிரந்தரத் தீர்வை என்பது பதிலுக்குக் கிடைத்த வாக்குறுதி.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எட்டயபுரம் பாளையம் கும்பெனியின் பக்கம் நின்றது. பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பங்கும் அதற்குப் பரிசாக வந்தது. ஆனாலும், பாளையக்காரர் முறையையே முடித்துவைத்த அந்த அறிவிப்பு எதிரிக்கு ஒன்று, கூட்டாளிக்கு ஒன்று என்று இரண்டாக எழுதப்படவில்லை. கட்டபொம்மன் உயிரையும் கோட்டையையும் இழந்தார். எட்டயபுரத்தார் ஜமீன்தார் ஆனார்கள். படைத்தலைவர்களாக இருக்க முடியவில்லை. இந்தியாவின் மற்ற பல பகுதிகளில் பெரிய அளவில் ஆயுதங்கள் பறிக்கப்பட்டது 1857 எழுச்சிக்குப் பிறகுதான். கரிசல் மண்ணில் அது அரை நூற்றாண்டு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

மணியாச்சியில் ஒரு பிரௌனிங்

1878ல் வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதை நாடு முழுவதும் குற்றமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு, இந்தியர்களுக்குச் சட்டம். தோலின் நிறத்தைப் பார்த்து லைசென்ஸ் கேட்ட இந்தச் சட்டத்தை காங்கிரஸ் மாநாடுகள் திரும்பத் திரும்பக் கண்டித்தன. அகிம்சையைப் போதித்த காந்தியே, ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டத்தை, பிரிட்டிஷ் ஆட்சியின் மிக மோசமான செயல்களில் ஒன்றாகக் கருதினார்.

அந்தச் சட்டம் அமலில் இருந்தபோதுதான், 1911 ஜூன் 17ம் தேதி, எட்டயபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் கைத்துப்பாக்கி. வாஞ்சி சுடப் பழகியது புதுச்சேரியில், வ.வே.சு.ஐயரிடம். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. லிட்டனின் சட்டம் அங்கே செல்லாது.

சுதந்திரம் வந்தால் இந்தச் சட்டம் போய்விடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானத்தின் அடிப்படை உரிமைகள் பட்டியலில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இருந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் அதை நினைவுபடுத்தி, அடிப்படை உரிமையாகச் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. எல்லா குடிமக்களுக்கும் உரிமை என்று எழுதிவிட்டால், திருடனுக்கும் கொலைகாரனுக்கும் அதே உரிமை போய்ச் சேருமே என்பது அவரது வாதம். திருத்தம் தோற்றது. அதோடு விடவில்லை. ஒன்றுகூடும் உரிமையைத் தரும் 19வது பிரிவில், அமைதியாகவும் ‘ஆயுதமின்றியும்’ கூடலாம் என்றே எழுதிவைத்தார்கள்.

இன்று இந்தியாவில் துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுப்பவர்கள் கையிலெடுப்பது இந்தக் கதையைத்தான். ‘வெள்ளைக்காரன் பயத்தில் போட்ட பூட்டை நம் அரசு ஏன் இன்னும் திறக்கவில்லை?’ என்று கேட்கிறார்கள். பூட்டின் வரலாறு பற்றி அவர்கள் சொல்வது சரிதான். பாஞ்சாலங்குறிச்சியே சாட்சி. ஆனால், அதைத் திறக்க வேண்டாம் என்று 1948ல் முடிவெடுத்தவர்கள் வெள்ளைக்காரர்கள் அல்லவே! இந்த இரண்டாவது பாதியை அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பக்கத்து மாநிலத்தின் குடகு மட்டும் தனிக்கதை. 19ம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் கொடுத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. கொடவர்களும், ஜம்மா நில உரிமையாளர்களும் லைசென்ஸ் இல்லாமலேயே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். மத்திய அரசு இதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021ல் ஏற்றுக்கொண்டது. ‘கைல்போள்து’ திருநாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குவார்கள். ஆங்கிலேயருக்குத் துணை நின்ற குடகுக்குத் துப்பாக்கி மிஞ்சியது. அதே துணையைச் செய்த எட்டயபுரத்துக்கு நிலம் மட்டும்தான் மிஞ்சியது!

லைசென்ஸ் வாங்குவது எப்படி?

மாவட்டத்தில் கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். காவல்துறை உங்கள் பின்னணியை விசாரித்து அறிக்கை தரும். எதற்காகத் துப்பாக்கி வேண்டும் என்பதற்குச் சரியான காரணம் சொல்ல வேண்டும். உயிருக்கு அச்சுறுத்தல், விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு ஆகியவை சட்டம் ஏற்கும் காரணங்களில் சில. ‘ஆசையாக இருக்கிறது’ என்பது அந்தப் பட்டியலில் இல்லை. 2016 விதிகளின்படி, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றிதழும் வேண்டும்.

2019ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, லைசென்ஸ் 5 வருடங்களுக்குச் செல்லும். முன்பு ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். இப்போது 2 மட்டுமே. தாத்தாவிடமிருந்து வந்ததும் இந்தக் கணக்கில் சேரும். மூன்றாவதை ஒரு வருடத்துக்குள் ஒப்படைக்கச் சொன்னபோது, பழைய ஜமீன் குடும்பங்களும் வேட்டைத் துப்பாக்கி சேர்த்தவர்களும் மிகவும் வருத்தப்பட்டார்கள். கல்யாண ஊர்வலத்தில் வானத்தை நோக்கிச் சுடும் வடநாட்டுப் பழக்கத்துக்கு 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நம் ஊர்க் கல்யாணத்தில் சரவெடியோடு நின்றுவிடுகிறோம் என்பதில் சந்தோஷப்படலாம்.

குடும்பங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. லைசென்ஸ் வைத்திருந்த அப்பா இறந்துவிட்டால், ‘அவர் ஞாபகமாக இருக்கட்டும்’ என்று துப்பாக்கியைப் பரணில் போட்டுவைக்கக் கூடாது. லைசென்ஸ் அவர் பெயரில்தான். வீட்டின் பெயரில் அல்ல. காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்படைக்காமல் வைத்திருந்தால், எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத மகன்மீது சட்டவிரோத ஆயுத வழக்கு வரும். 70 வயதைத் தாண்டியவர்களும், 25 வருடங்களாக வைத்திருப்பவர்களும் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித்தரவும் வழி இருக்கிறது.

பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடுவதில் ஆர்வம் என்றால் பயப்பட வேண்டியதில்லை. .177 அளவுக்குள், குறைந்த விசையுள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பதக்கங்கள் வென்றது ஏர் ரைஃபிளில்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பறக்கும் மண் தட்டைச் சுடும் ‘ட்ராப்’ பிரிவில் ஆடிய பிரித்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த அதே சமஸ்தானம்!

இரவில் ஒரு சலசலப்பு

எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களில் துப்பாக்கிப் பேச்சு வந்தால் அது பெரும்பாலும் காட்டுப்பன்றியில்தான் போய் முடியும். கண்மாய்களை அடைத்து வளர்ந்திருக்கும் சீமைக்கருவேலம் பன்றிகளுக்கு நல்ல மறைவிடம். மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் கூட்டமாக இறங்கினால், ஒரு ராத்திரியில் ஒரு காட்டையே சாய்த்துவிடும். மானாவாரி விவசாயத்தில் வருடத்துக்கு ஒரு வெள்ளாமை. அது போனால் அந்த வருடமே போனது.

வாய்வழியாக மருந்து நிரப்பும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்பவருக்கு லைசென்ஸ் தர, ஆயுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஆனால், சுடுவதைத் தடுக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். வேட்டு வைத்து விரட்டலாம்; அனுமதியில்லாமல் பன்றியைச் சுட்டால் கைது. கேரளாவில் 2022 முதல், உள்ளாட்சித் தலைவர்கள் அனுமதித்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் சுடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த உத்தரவு வேறு மாதிரி. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் சுடலாம். ஆனால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும்.

விவசாயிக்கு இதில் கோபம் வருவது நியாயம். பன்றி வரும் ராத்திரியில் வனத்துறை வண்டி வந்து நிற்கப் போவதில்லை. ஆனாலும் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதும் அவ்வளவு எளிதல்ல. துப்பாக்கி பழகியவர்கள் எல்லோரும் சொல்லும் அடிப்படைப் பாடம் இது: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே நினை, சுடும் நொடி வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கு என்ன, இலக்குக்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் சுடாதே. ஆளுயரம் வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் இருட்டில் அசைவது பன்றியா, பக்கத்துக் காட்டுக்குக் காவல் வந்தவரா? சலசலப்பை மட்டும் கேட்டுச் சுடுகிறவருக்கு அது தெரியாது.

நாட்டுத் துப்பாக்கியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கருமருந்தையும் ஈயக் குண்டுகளையும் குழல் வாய்வழியாகப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கிவிட்டால், சுடாமல் வெளியே எடுப்பது பெரும்பாடு. தோட்டாத் துப்பாக்கி என்றால் மடக்கி, தோட்டாவை உருவி, தனியாகப் பூட்டிவைத்துவிடலாம். இதை அப்படிச் செய்ய முடியாது. பன்றி வராத ராத்திரிகளில், நிரப்பிய துப்பாக்கி அப்படியே வீட்டுக்கு வந்து கதவோரம் சாய்ந்து நிற்கும். காலையில் அந்தக் கதவோரத்தில் விளையாடுவது பேரப்பிள்ளை.

அதைவிடக் கொடுமை அவுட்டுக்காய். தீவனத்துக்குள் வெடிமருந்தை வைத்துப் போடும் இந்த நாட்டு வெடி, எது கடிக்கிறது என்று பார்த்து வெடிப்பதில்லை. மேய்ச்சலுக்குப் போன பசு கடித்தாலும் வாய் சிதறும். மின்வேலிக்குத் திருட்டுக் கரன்ட் கொடுப்பதும் அப்படியே. துப்பாக்கிக்காவது லைசென்ஸ், பதிவு எண், போலீஸ் பட்டியல் என்று ஏதோ ஒரு கணக்கு இருக்கிறது. இவற்றுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

இப்போதைக்குக் கரிசல் காட்டு விவசாயியின் கையில் இருப்பது தகர டப்பா, டார்ச் லைட், வரப்பைச் சுற்றிக் கட்டிய பழைய சேலைகள். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் கதிர் முற்றும் மார்கழிப் பனியில், ஒரு காட்டில் டப்பாச் சத்தம் எழும்பினால் பன்றி அடுத்த காட்டுக்கு ஓடும். அங்கே காவல் இருப்பவர் தன் டப்பாவை எடுப்பார். விடியும்வரை சத்தம் காடு மாறிப் போய்க்கொண்டே இருக்கும்.