மூணாற்றுக் குளிரும் பிற்பருவ அடுக்குத் துலிப்பும்

ஜனவரித் திங்களில் மூணாற்றைச் சூழ்ந்த பள்ளத்தாக்குப் புல்வெளிகள் சில ஆண்டுகளில் விடியற்காலையில் உறைபனி படிந்து வெண்ணிறமாகக் காட்சி தருவதுண்டு. உஷ்ணமானி பூஜ்ய டிகிரியைத் தொடும் இத்தகைய இடத்தில், குளிர்நாட்டு மலராகிய துலிப் செழித்து வளரும் என்று எண்ணுவது இயல்பே. அவ்வாறெண்ணி விலையுயர்ந்த கிழங்குகளை நட்டவர்கள், தரையோடு ஒட்டி நின்று கருகும் மொட்டையோ, மொட்டே இல்லாத ஓரிரு இலைகளையோ கண்டு மண்ணின்மீது பழி சுமத்துகின்றனர். குறை மண்ணில் இல்லை. குளிரின் தன்மையில் இருக்கிறது.

துலிப்பினங்களுள் பூங்கா வைப்போரை மிகவும் கவர்வது, பருவத்தின் இறுதியில் மலரும் அடுக்கு வகையாகும். ‘அடுக்கு’ என்னும் சொல்லுக்கு நாம் அகராதியைத் தேட வேண்டியதில்லை. அடுக்கு மல்லியும் அடுக்குச் செம்பருத்தியும் நம் வீட்டு முற்றத்திலேயே உள்ளன. சாதாரணத் துலிப்புக்கு இதழ்கள் ஆறே. அடுக்கு வகையில் மகரந்தக் கேசரங்கள் இதழ்களாக மாறிப் பூ பந்துபோல் நிறைந்துவிடுகிறது. இம்மாற்றத்தை மாணவர்க்கு விளக்க அடுக்குச் செம்பருத்தி ஒன்று போதும்; அதனைப் பிரித்தால் பாதி இதழாகவும் பாதி கேசரமாகவும் நிற்கும் உறுப்புகளைக் கண்ணாரக் காணலாம். இளஞ்சிவப்பு நிறமுடைய ஏஞ்செலிக், தூய வெண்மையான மவுண்ட் டகோமா, வெண்மையில் செந்நிறக் கோடுகள் ஓடும் கார்னவால் டி நீஸ் ஆகியவை இவ்வகையின் புகழ்பெற்ற இரகங்கள். ஐரோப்பாவில் இவை பெரும்பாலும் மே மாதத்தில் மலர்கின்றன.

துலிப்பின் கிழங்கு, வெங்காயம் போன்று செதில்களால் ஆனது. முன் பருவத்தில் செடி வாடியபின், கோடை வெப்பத்தில் கிழங்கு உறங்குவதுபோல் தோன்றினும், அதனுள்ளே அடுத்த ஆண்டின் பூ முழுமையாக உருவாகிவிடுகிறது. ஆனால் அப்பூவைத் தாங்கும் தண்டு நீள்வதற்கு நெடுங்குளிர் இன்றியமையாதது. சுமார் 2 முதல் 9 டிகிரி சென்டிகிரேடு வரையிலான குளிர், இடையறாது பன்னிரண்டு வாரத்திற்குக் குறையாமல் கிடைத்தல் வேண்டும். பிற்பருவ அடுக்கு வகைகள் பல பதினைந்து வாரம் வரையிற்கூட வேண்டுகின்றன. குளிர் போதாதாயின், உள்ளே உருவான பூ குட்டைத் தண்டில் சிக்கிக் கருகிவிடும்.

இங்கேதான் மூணாறு நம்மை ஏமாற்றுகிறது. ஸ்ரீநகரும் மூணாறும் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய ஒரே உயரத்தில், அதாவது சுமார் 5,000 அடியில் அமைந்தவை. எனினும் ஸ்ரீநகரில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பகலும் இரவும் குளிர் நீங்குவதில்லை. ஜபர்வான் மலையடிவாரத்தில் தால் ஏரியை நோக்கி, சுமார் 75 ஏக்கர் பரப்பில் அமைந்த இந்திரா காந்தி நினைவுத் துலிப் தோட்டம் இக்குளிரை நம்பியே நிலவுகிறது. மூணாற்றிலோ விடியலில் உறைபனி படிந்த அதே புல்வெளியில் நண்பகலில் 20 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறிவிடுகிறது. இரவு சேர்த்த குளிரைப் பகல் செலவழித்துவிடுகிறது எனலாம். நெல்லியாம்பதி மலைகளில் இரவுக் குளிரும் இதனினும் குறைவு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை முதலிய பாலக்காட்டுச் சமவெளிகளைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை.

ஆகவே நமது மலைகளில் துலிப்பை மலரச் செய்ய விரும்புவோர் குளிரைத் தாமே அளிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் கிழங்குகள் அக்டோபரில் கைக்குக் கிடைப்பதாகக் கொள்வோம். அவற்றைக் காற்றுப் புகும் காகிதப் பையிலிட்டு, குளிர்பதனப் பெட்டியில் 5 டிகிரியளவில் பன்னிரண்டு வாரம் வைத்தல் வேண்டும். அதே பெட்டியில் ஆப்பிள், வாழை போன்ற பழங்களை வைத்தலாகாது. கனியும் பழங்கள் வெளியிடும் எத்திலீன் வாயு கிழங்கினுள் உள்ள பூவை அழித்துவிடும். பலர் அறியாது செய்யும் பிழை இதுவே. உறைய வைக்கும் அறையில் வைப்பதும் கூடாது. டிசம்பர் இறுதியில், நீர் தேங்காத மேட்டுப் பாத்தியில், கிழங்கின் உயரத்தைப்போல் இரு மடங்கு மண் மேலே நிற்கும்படி நட வேண்டும். குறைவாக உள்ள குளிரை ஜனவரி இரவுகள் ஓரளவு ஈடு செய்யும். பிப்ரவரி இறுதியில் மலரை எதிர்பார்க்கலாம். அடுக்குப் பூ பாரமுள்ளதாதலின் காற்றிலும் மழையிலும் தண்டு முறியும். சிறு குச்சி நட்டுத் தாங்குதல் நலம். நண்பகல் நிழலும் தேவை. நடும்போது கையுறை அணிக. துலிப் கிழங்கின் சாறு சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

இவ்வளவும் ஒரு கிழங்கிலிருந்து ஒரு பூவைப் பெறுவதற்கே. மறு ஆண்டுக்கு அக்கிழங்கு உதவுமா என்று ஆசிரியர்கள் கேட்பர். நட்ட தாய்க்கிழங்கு பூத்தபின் அழிந்து, அதனிடத்தில் சேய்க்கிழங்குகள் தோன்றுகின்றன. அவை பருப்பதற்குப் பூ உதிர்ந்தபின் ஆறு வாரமேனும் இலைகள் குளிர்ந்த வசந்தத்தில் பசுமையாக நின்று உணவு சேர்க்க வேண்டும். நம் மலைகளில் மார்ச் வெயில் இலைகளை வாட்டிவிடுகிறது. பின்னர் ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, மண்ணிலுள்ள சிறு கிழங்குகளை அழுகச் செய்கிறது. துலிப்பின் தாயகமாகிய மத்திய ஆசிய மலைகளில் குளிர்காலம் பனியுடனும் கோடை வறட்சியுடனும் விளங்க, நமது கோடைக்குப்பின் வருவதோ பெருமழை. ஆகவே ஆண்டுதோறும் புதிய கிழங்கு வாங்குதல் தவிர்க்கவொண்ணாதது. பள்ளித் தோட்டத்திற்கு ஒதுக்கப்படும் சிறு தொகையை இதில் முழுவதும் செலவிடுவதை நாம் ஆதரிப்பதற்கில்லை. அடுக்கு மலரே வேண்டுமெனில் டேலியா இம்மலைகளில் நன்கு வளர்கிறது. அதற்கு நெடுங்குளிர் வேண்டா.

வெங்காயம் போன்ற கிழங்குடைய மலர்தான் வேண்டும் என்போர்க்கு, நீலகிரி, பழனி, ஆனைமலைப் புல்வெளிகளுக்கே உரிய நீலகிரி லில்லி நினைவிற்கு வர வேண்டும். நீண்ட எக்காளம் போன்ற வெண்ணிற மலர், நறுமணமுடையது, மற்றச் செடிகளுக்குப் பின்னே, மழைக்காலத்தின் பிற்பகுதியில் மலர்வது. ஆயினும் காட்டிலிருந்து அதன் கிழங்கைத் தோண்டுதல் தகாது. இரவிகுளம் 1978 முதல் தேசியப் பூங்காவாகும். அங்கிருந்து செடி எதனையும் எடுத்தல் குற்றம். மாணவரை அழைத்துச் சென்று, அனுமதிக்கப்பட்ட பாதையில் நின்று காட்டுவதோடு அமைக.

துலிப் கிழங்கு சில கிடைத்திருப்பின், அவற்றைப் பூங்காவுக்கன்றிப் பாடத்துக்குப் பயன்படுத்தலாம். ஒரே இரகத்தில் ஒரே பருமனுள்ள ஆறு கிழங்குகளைத் தேர்ந்து, மூன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும் மூன்றை அறையிலும் வைக்க. பன்னிரண்டு வாரம் கழித்து ஆறினையும் ஒரே நாளில் தொட்டிகளில் நட்டு, வாரந்தோறும் தண்டின் உயரத்தை அங்குலக் கோலால் அளந்து குறிக்கச் செய்க. பூக்காத கிழங்கொன்றைக் குறுக்கே அரிந்தால், நடுவில் வாடிக் கிடக்கும் மொட்டை மாணவர் காண்பர்.