கட்சி கூடாது என்றவர்களின் கட்சிச் சண்டை

அமெரிக்க அரசியல் சட்டத்தில் கட்சிகளுக்கு இடமே இல்லை. 1787-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடி அதை எழுதியவர்கள், கோஷ்டி சேர்ந்தால் குடியரசு பாழாகும் என்று நம்பியவர்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1789 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கில் முதல் அதிபராகப் பதவியேற்றபோது அந்த நம்பிக்கை பலித்தது போலவே தோன்றியது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்கள் ஒருவர் விடாமல் அவருக்கே வாக்களித்திருந்தனர். ஆனால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அதே மனிதர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து, பத்திரிகைகளில் ஒருவரையொருவர் துரோகி என்று ஏசி, எதிர்க்கட்சிக்காரர்களைச் சிறைக்கும் அனுப்பினர்.

பிளவு கடனில் தொடங்கியது. பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போருக்காக மத்திய அரசு வாங்கிய கடன் சுமார் 5.4 கோடி டாலர். மாநிலங்களின் கடன் சுமார் 2.5 கோடி. முதல் நிதி அமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன் 1790 ஜனவரியில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். கடன் பத்திரங்களுக்கு முழு மதிப்பும் தரப்படும். மாநிலங்களின் கடனையும் மத்திய அரசே ஏற்கும். பணக்காரர்களின் முதல் அரசிடம் இருந்தால், அரசு நிலைக்க வேண்டும் என்ற அக்கறையும் அவர்களுக்கு இருக்கும் என்பது அவர் கணக்கு.

அந்தப் பத்திரங்கள் அப்போது யார் கையில் இருந்தன என்பதுதான் சிக்கல். போரில் சண்டையிட்ட சிப்பாய்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் கிடைத்தவை அவை. வறுமை தாங்காமல் பலர் அவற்றை அடிமாட்டு விலைக்கு வணிகர்களிடம் விற்றிருந்தனர். இப்போது முழு மதிப்பும் அந்த வணிகர்களுக்கே போகும். பிரதிநிதிகள் சபையில் ஜேம்ஸ் மேடிசன் இதை எதிர்த்தார். கடனில் பெரும்பகுதியை ஏற்கெனவே அடைத்துவிட்ட வர்ஜீனியா போன்ற தென் மாநிலங்கள், அடுத்தவர் கடனை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டன. கடைசியில், வெளியுறவு அமைச்சர் தாமஸ் ஜெஃபர்சன் வீட்டு விருந்தில் ஒரு பேரம் படிந்தது. கடன் திட்டத்துக்குத் தெற்கு வழிவிடும்; பதிலுக்கு நாட்டின் தலைநகர் தெற்கே, பொட்டோமாக் ஆற்றங்கரையில் அமையும். வாஷிங்டன் நகரம் இப்படிப் பிறந்ததுதான்.

சமரசம் நீடிக்கவில்லை. 1791-இல் ஹாமில்டன் தேசிய வங்கியை நிறுவியபோது, அதற்கு அரசியல் சட்டம் அதிகாரம் தரவில்லை என்றார் ஜெஃபர்சன். ஒரே அமைச்சரவையில் அமர்ந்துகொண்டே இருவரும் எதிரெதிர்ப் பத்திரிகைகளை வளர்த்தனர். ஹாமில்டன் பக்கம் ஜான் ஃபென்னோவின் ஏட்டுக்கு அரசு அச்சு வேலை போனது. ஜெஃபர்சனோ கவிஞர் ஃபிலிப் ஃபிரேனோவுக்குத் தன் துறையில் மொழிபெயர்ப்பாளர் வேலை போட்டுக்கொடுத்தார். அரசுச் சம்பளம் வாங்கியபடியே அவர் நடத்திய பத்திரிகை அரசைத் திட்டியது. ஹாமில்டன் அணி கூட்டாட்சியினர் என்றும், ஜெஃபர்சன் அணி குடியரசினர் என்றும் அறியப்பட்டன. 1854-இல் பிறந்த இன்றைய குடியரசுக் கட்சி வேறு.

கடனை அடைக்க வரி தேவைப்பட்டது. ஹாமில்டன் விஸ்கி மீது கை வைத்தார். மலைகளுக்கு அப்பால், மேற்குப் பென்சில்வேனியாவில் வாழ்ந்த உழவர்களுக்குத் தானியத்தை மலை தாண்டிக் கொண்டுசெல்லக் கட்டுப்படியாகாது. எனவே அதை விஸ்கியாக வடித்தனர். காசு அரிதான அந்த ஊர்களில் விஸ்கியே காசாகவும் புழங்கியது. பெரிய ஆலைகளுக்கு இலகுவாகவும் சிறு வடிப்பவர்களுக்குப் பாரமாகவும் வரி அமைந்திருந்தது. வரி கேட்டு வந்தவர்களுக்குத் தார் பூசி இறகு ஒட்டி அனுப்பினார்கள். 1794 ஜூலையில் வரி அதிகாரி ஜான் நெவிலின் வீடு எரிக்கப்பட்டது. வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, வழியில் பாதித் தூரம் தாமே உடன் சென்றார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்க்க ஆளில்லை. தேசத்துரோகக் குற்றம் உறுதியான இருவரையும் வாஷிங்டன் மன்னித்தார். வரி கசந்ததால் உழவர்கள் கிளர்ந்தார்கள் என்று பார்க்காமல், ஜெஃபர்சன் ஆதரவாளர்களின் சங்கங்கள்தான் தூண்டிவிட்டன என்று அரசு நம்பியது. அடுத்து வந்த தவறுகளுக்கெல்லாம் இந்தச் சந்தேகமே வேர்.

இதற்கிடையே ஐரோப்பாவில் பிரான்ஸும் பிரிட்டனும் 1793-இல் போரில் இறங்கின. குடியரசினருக்குப் பிரெஞ்சுப் புரட்சி தங்கள் புரட்சியின் தங்கை. கூட்டாட்சியினருக்கோ அது கழுத்தறுக்கும் கும்பல். வாஷிங்டன் நடுநிலை என்றார். அவருடைய தூதர் ஜான் ஜே பிரிட்டனுடன் செய்துவந்த உடன்படிக்கை 1795-இல் செனட்டில் 20-க்கு 10 என்று, தேவையான மூன்றில் இரண்டு பங்கை மட்டும் தொட்டு நிறைவேறியது. ஊர் ஊராக ஜேயின் கொடும்பாவி எரிந்தது. பிரிட்டன் வசமிருந்த இந்தியத் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்கள் வணிகம் செய்ய இடம் தந்ததும் அதே உடன்படிக்கைதான். போரைத் தவிர்த்த ஒன்றுக்கு இவ்வளவு வசவு கிடைத்தது வேடிக்கைதான்.

1796 தேர்தலில் கூட்டாட்சியினரான ஜான் ஆடம்ஸ் 71 வாக்குகளும் ஜெஃபர்சன் 68 வாக்குகளும் பெற்றனர். அதிக வாக்கு பெற்றவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர் என்பது சட்டம். கட்சிகளே இராது என்று எண்ணி எழுதிய விதியால், அதிபரும் அவருடைய முதல் எதிரியும் ஒரே அரசில் அமர நேர்ந்தது.

பேச்சுவார்த்தைக்குப் போன அமெரிக்கத் தூதர்களிடம் பிரான்ஸின் ஆட்கள் லஞ்சம் கேட்ட செய்தி 1798-இல் வெளியானதும் நாடு கொதித்தது. கடலில் அறிவிக்கப்படாத போர் மூண்டது. அந்தச் சூட்டில் கூட்டாட்சியினர், குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலத்தை 5 ஆண்டிலிருந்து 14 ஆண்டாக நீட்டினர். புதிதாக வந்த குடியேறிகள் பெரும்பாலும் ஜெஃபர்சனுக்கே வாக்களித்தனர் என்பதே காரணம். அதோடு வந்த ராஜதுரோகச் சட்டம், அரசையோ நாடாளுமன்றத்தையோ அதிபரையோ பொய்யாகவும் வன்மத்தோடும் எழுதினால் 2,000 டாலர் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை என்றது. காக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் துணை அதிபர் மட்டும் இல்லை. ஜெஃபர்சனை எப்படியும் திட்டலாம்! சட்டம் காலாவதியாகும் நாளையும் 1801 மார்ச் 3 என்று குறித்துவைத்தார்கள். ஆடம்ஸின் பதவிக்காலம் முடிவதும் அப்போதுதான்.

வெர்மான்ட் உறுப்பினர் மாத்யூ லயன் இந்தச் சட்டத்தின் முதல் இரை. அவர் ஏற்கெனவே அவையில் கூட்டாட்சி அணி உறுப்பினர் ரோஜர் கிரிஸ்வால்டின் முகத்தில் உமிழ்ந்து பெயர் பெற்றவர். கிரிஸ்வால்ட் கைத்தடியால் அடிக்க, லயன் கணப்படுப்பு இடுக்கியை எடுத்து வீச, உறுப்பினர்கள் நடுவே இருவரும் தரையில் புரண்டிருந்தனர். ஆடம்ஸை விமர்சித்ததற்காக லயனுக்கு நான்கு மாதச் சிறையும் 1,000 டாலர் அபராதமும் கிடைத்தன. சிறையிலிருந்தபடியே அவர் மறுபடி தேர்தலில் வென்றார். நியூ ஜெர்சியில் லூதர் பால்ட்வின் என்ற குடிகாரர், அதிபருக்கு மரியாதையாக முழங்கிய பீரங்கிக் குண்டு அவருடைய பின்புறத்தில் பாய்ந்தாலும் தனக்குக் கவலையில்லை என்று சொல்லி அபராதம் கட்டினார். வாய்ப்பூட்டுச் சட்டம் யாரை அடக்க வந்ததோ அவர்களுடைய பெயரையே ஊரறியச் செய்தது.

1800 தேர்தலில் ஆடம்ஸ் தோற்றார். ஆனால் ஜெஃபர்சனும் அவருடைய துணை வேட்பாளர் ஏரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றனர். ஒவ்வொரு தேர்வாளரும் இரண்டு வாக்குகளை அதிபர், துணை அதிபர் என்று பிரிக்காமல் போட வேண்டும் என்ற விதியின் விளைவு இது. பர் ஒதுங்கவில்லை. முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் 9 வேண்டும். 1801 பிப்ரவரி 11 முதல் 35 சுற்றுகளிலும் ஜெஃபர்சனுக்கு எட்டுதான். வர்ஜீனியாவிலும் பென்சில்வேனியாவிலும் குடிப்படைகளை அழைக்கும் பேச்சு எழுந்தது. கொள்கையற்ற பர்ரைவிட ஜெஃபர்சன் மேல் என்று ஹாமில்டனே தன் கட்சியினருக்குக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 17 அன்று 36-ஆவது சுற்றில், டெலவேரின் ஒரே உறுப்பினரான ஜேம்ஸ் பேயார்டும் சில கூட்டாட்சியினரும் வாக்களிக்காமல் விலக, ஜெஃபர்சன் 10 மாநிலங்களுடன் வென்றார். மார்ச் 4 விடியும் முன்பே, பதவியேற்பைப் பார்க்காமல் ஆடம்ஸ் ஊரை விட்டுப் புறப்பட்டுவிட்டார். ஆனாலும் ஆட்சி ஒரு கட்சியிடமிருந்து மற்றொன்றுக்கு ரத்தமின்றிக் கைமாறியது.

மக்களின் வெற்றி என்று ஜெஃபர்சன் கட்சி கொண்டாடியதை அப்படியே ஏற்க முடியாது. அடிமைகள் ஐவரை மூவராக எண்ணி மாநிலங்களுக்கு இடம் ஒதுக்கும் விதியால் தெற்குக்குக் கூடுதல் வாக்குகள் கிடைத்திருந்தன. அவை இல்லாவிட்டால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணக்கு. அதே 1800-இல் ரிச்மண்ட் அருகே கேப்ரியல் என்ற அடிமைக் கொல்லர் திட்டமிட்ட எழுச்சி காட்டிக்கொடுக்கப்பட்டு, அவரும் தோழர்கள் இருபதுக்கு மேற்பட்டோரும் தூக்கிலிடப்பட்டனர். இரு கட்சிகளும் எவ்வளவோ சண்டையிட்டும், அடிமை முறையைத் தங்கள் வழக்கின் மையமாக்கவில்லை.

பதவிக்கு வந்த ஜெஃபர்சன், ராஜதுரோகச் சட்டத்தில் தண்டனை பெற்றவர்களை மன்னித்தார். விஸ்கி வரி 1802-இல் நீங்கியது. வங்கியை மட்டும் அவர் மூடவில்லை. எதிலும் சட்டத்தின் எழுத்தைப் பிடித்துத் தொங்கியவர், வெளிப்படையான அதிகாரம் எதுவும் இல்லாமலே 1803-இல் 1.5 கோடி டாலருக்கு லூயிசியானாவைப் பிரான்ஸிடமிருந்து வாங்கினார். அதிபருக்கும் துணை அதிபருக்கும் தனித்தனியே வாக்களிக்கச் செய்யும் 12-ஆவது திருத்தம் 1804-இல் வந்தது. அதே ஆண்டு ஜூலை 11 அன்று, துணை அதிபராக இருந்த பர் நியூ ஜெர்சியின் வீஹாக்கனில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஹாமில்டனைச் சுட்டார். மறுநாள் ஹாமில்டன் இறந்தார். கூட்டாட்சியினர் அதன்பின் அதிபர் பதவியைப் பிடிக்கவே இல்லை. 1816-இல் அவர்களின் கடைசி வேட்பாளரான ரூஃபஸ் கிங்குக்கு 34 தேர்வாளர் வாக்குகளே கிடைத்தன.