கடனும் ஈடும் குடியிருப்பும்: மலைநாட்டார் அறியவேண்டிய சில சட்டச் செய்திகள்

தமிழில் 'வீடு' என்னுஞ் சொல்லுக்கு உறையுள் என்பது ஒரு பொருள். தளைகள் யாவற்றினின்றும் விடுபடுதல் என்பது மற்றொரு பொருள். வீட்டை ஈடுவைத்துக் கடன்பட்ட ஒருவர் முதற்பொருளைக் காத்துக்கொள்ளும் முயற்சியில் இரண்டாவது பொருளை அறவே மறந்துவிடுகின்றார். அந்நிலையில் உள்ளார்க்குச் சட்டம் என்னென்ன வாயில்களைத் திறந்து வைத்திருக்கின்றது என்பதை, மலைநாட்டை முன்வைத்து ஈண்டு விளக்கப் புகுகின்றோம். நம் கல்லூரியிற் பயின்றவருட் பலர் ஹற்றன், நுவரெலியா, தலவாக்கலை முதலிய இடங்களில் ஆசிரியராகவும் தோட்டத்து உத்தியோகத்தராகவும் வணிகராகவும் வாழ்பவராதலின் இப்பொருள் மலருக்குப் புறம்பானதன்று.

மலைநாட்டிற் குடியிருப்போர் எல்லாரும் சட்டத்தின்முன் ஒரு நிலையினர் அல்லர். கடைத்தெருவிலும் பட்டணத்து ஓரங்களிலும் உறுதி முடித்துக் காணி வாங்கி வீடு கட்டியவர் ஒரு சாரார். தோட்டத்து எல்லைக்குள், லயத்திலோ தனிவீட்டிலோ, உறுதியின்றி மூன்று நான்கு தலைமுறையாக வாழ்பவர் மற்றொரு சாரார். முன்னவருக்கு வரும் இடர் ஏலம். பின்னவருக்கு வரும் இடர் வெளியேற்றம். முதலில் ஏலத்தைக் கவனிப்போம்.

வீட்டை ஈடுவைத்து வங்கியிற் கடன்பெற்றவர் தவணை தவறினால் வங்கிக்கு இரு பாதைகள் உண்டு. ஒன்று, 1949ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ஈட்டுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றில் வழக்கிடுதல். இதிற் கடன்பட்டவர் மறுமொழி அணைக்கலாம்; கணக்கைக் கேட்கலாம்; நீதிமன்று குறிக்குங் காலத்துக்குள் பணங்கட்டி ஈட்டை மீட்கலாம். காலம் நீளும், அந்நீட்சியே கடன்பட்டவருக்கு ஓராறுதல். மற்றொன்று, 'பராட்டே நிறைவேற்றல்' என வழங்கும் குறுக்குவழி. உரோம-டச்சுச் சட்டத்தினின்று வந்த இச்சொல், நீதிமன்றின் தீர்ப்பின்றியே ஈட்டுச் சொத்தை விற்றுப் பணத்தை அறவிடுதலைக் குறிக்கும். முன்னர் அரச வங்கிகள் சிலவற்றுக்கே அவற்றின் தனிச் சட்டங்களால் வாய்த்திருந்த இவ்வதிகாரத்தை, 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் ஏனைய வங்கிகளுக்கும் விரித்தது.

பராட்டே என்றதும் வீடு அன்றே போயிற்று என்று அஞ்சுவோர் உளர். அஃது அவ்வாறன்று. சட்டம் வங்கியைப் படிப்படியாகவே நடக்கச் சொல்கின்றது. முதலிற் பணிப்பாளர் சபை சொத்தை விற்பதெனத் தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும். அத்தீர்மானம் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழித் தினசரிகளிலும் வெளிவருதல் வேண்டும். கடன்பட்டவருக்கும் பிரதி அனுப்பப்படுதல் வேண்டும். பின்னர் ஏலத்தின் நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறிக்கும் அறிவித்தல், ஏலநாளுக்குப் பதினான்கு நாளேனும் முன்னதாக வெளிவருதல் வேண்டும். ஏலத்துக்குக் குறித்த நாளுக்கு முன்னர் நிலுவையையும் வட்டியையும் அதுவரையான செலவையும் முழுமையாகக் கொண்டுபோய் நீட்டினால் விற்பனை நடத்தலாகாது. விற்றபின் கடனும் செலவும் போக எஞ்சிய தொகை கடன்பட்டவருக்கே உரியது. கேளாமல் விட்டோரும் உளர் என்பதால் இதை அழுத்திச் சொல்கின்றோம். ஆனால் விற்பனைச் சான்றிதழ் ஒருமுறை வழங்கப்பட்டுவிட்டால் உரிமை வாங்கியவர்பால் சென்றுவிடும். அவர் நீதிமன்றின் வழியே வீட்டின் வசத்தையும் பெறலாம். ஆதலின் குறைகள் இருப்பின் அவற்றை எடுத்துரைக்கும் காலம் ஏலத்துக்கு முன்னதேயன்றிப் பின்னதன்று.

இங்கே மலைநாட்டில் நிகழும் ஒரு தவற்றைக் குறித்தல் தகும். பதிவுத் தபாலில் வரும் கடிதத்தைக் கையொப்பமிட்டு வாங்க மறுத்தால் ஏலம் நின்றுவிடும் என்பது பலரது நம்பிக்கை. சட்டம் அனுப்புதலைத்தான் பெரிதும் நோக்குகின்றது. வாங்க மறுத்தவர் இழப்பது ஏலத்தையன்று. ஏலநாள் எதுவென்று அறியும் வாய்ப்பையே.

வங்கிக்கு எல்லைகளும் இடப்பட்டுள்ளன. 2011ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் திருத்தம், மூலக்கடன் ஐம்பது இலட்சம் ரூபாவுக்குக் குறைவாயின் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பராட்டேயில் இறங்கலாகாது என்றது. வட்டியையும் தண்டத்தையும் மூலத்தோடு கூட்டி அவ்வெல்லையை எட்டவைக்கவும் அது இடந்தரவில்லை. சிறு வீடு கட்டக் கடன்பட்டோர்க்கு இது பெருங்காப்பாயிற்று. தனிச் சட்டத்தின்கீழ் இயங்கும் அரச வங்கிகளுக்கு இக்கணக்கு வேறு. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின்பின் வணிகர் பலர் சொத்திழக்கும் நிலையை எய்தவே, 2024ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் பராட்டே அதிகாரத்தைச் சிறிது காலம் இடைநிறுத்தி வைத்தது. இவ்வாறு தொகையெல்லையும் காலவெல்லையும் பாராளுமன்றின் கையிலிருந்து மாறுந் தன்மையன. எனவே அறிவித்தல் கிடைத்த நாளில் எந்த எல்லை நடைமுறையில் உள்ளது என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிதலே முதற்கடமை.

பிறர் கடனுக்காகத் தம் வீட்டை ஈடுவைத்தவர் நிலை தனித்தது. மைத்துனன் கடை திறக்க மாமன் உறுதியைக் கொடுப்பது நம்மவரிடையே சாதாரணம். இத்தகைய ஒரு வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. வழக்கில் எதிர்நின்றது ஹற்றன் நஷனல் வங்கி. 1888ஆம் ஆண்டில் ஹற்றன் பட்டணத்தில் தோன்றிய வங்கியின் பெயரே இச்சட்டத்தின் தலையாய வழக்கொன்றில் நிலைத்தது தற்செயலாயினும் மலைநாட்டார்க்கு மறக்கவொண்ணாதது. இராமச்சந்திரன் வழக்கெனச் சட்ட அறிக்கைகளில் வழங்கும் அதில், கடன்பட்டவர் அல்லாத மூன்றாமவர் ஈடுவைத்த சொத்தை 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பராட்டேயால் விற்கலாகாது என நீதியரசரிற் பெரும்பான்மையோர் தீர்த்தனர். அந்நிலையில் வங்கி வழக்கிட்டே செல்லவேண்டும். தம் உறுதியைப் பிறருக்காகக் கொடுத்தவர் எவரும் இவ்வழக்கின் பெயரைத் தம் சட்டத்தரணியிடம் உச்சரித்தல் நன்று.

வங்கியினும் கொடிது வேறொன்று உண்டு. அது 'மீளக் கைமாற்றும் நிபந்தனையுடன்' எழுதப்படும் விற்பனை உறுதி. கடன் கொடுப்பவர் ஈட்டுமுறி எழுதாது, வீட்டைத் தமக்கு விற்றதாக உறுதி முடிப்பிக்கின்றார். குறித்த காலத்துள் பணந்தந்தால் திருப்பி எழுதித் தருவதாக அதிலே ஒரு வாசகமும் சேர்க்கின்றார். நாள் ஒன்று தவறினால் வீடு அவருடையதாகிவிடும். ஈட்டில் உள்ள ஏலமும் இல்லை. எஞ்சிய பணமும் இல்லை. பிள்ளையின் திருமணத்துக்கோ வெளிநாட்டுப் பயணத்துக்கோ அவசரமாகப் பணந்தேடியவர் இதிற் கையொப்பமிட்டபின், "அது வெறும் கடன்தானே ஐயா" என்று பிற்பாடு முறையிடுவதைக் கேளாத நொத்தாரிசு இல்லை.

காணி தொடர்பான உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் அமைதல் வேண்டுமென 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதிக்கின்றது. எழுதிய உறுதிக்கு மாறாக வாய்ச்சாட்சியம் சொல்லச் சான்றுக் கட்டளைச் சட்டமும் எளிதில் விடாது. எனினும் வாயில் முற்றாக அடைபடவில்லை. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு, சொத்தின் பயனுரிமையையும் உடன்கொடுக்கும் எண்ணம் உரிமையாளருக்கு இருக்கவில்லை என்பது சூழ்நிலைகளால் நியாயமாகப் புலப்படின், வாங்கியவர் அச்சொத்தை உரியவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்பவரே எனக் கொள்ள இடந்தருகின்றது. சூழ்நிலை என்பது யாது? கோடி பெறுமதியான வீடு சில இலட்சத்துக்கு எழுதப்பட்டமை, விற்றவரே தொடர்ந்து அவ்வீட்டிற் குடியிருந்தமை, வரியை அவரே கட்டியமை, மாதந்தோறும் வட்டி கொடுத்தமை ஆகியன போல்வன. ஆதலின் வட்டி கொடுக்கும்போது பற்றுச்சீட்டு வாங்குதல், அல்லது வங்கிக் கணக்கின் வழியே செலுத்துதல் இன்றியமையாதது. தனியார் கொடுத்த கடனில் அறவிடும் வட்டி மூலத்தை விஞ்சலாகாது என்பதும் நம் நாட்டுப் பழைய விதி. 1918ஆம் ஆண்டின் கடன்கொடுத்தற் கட்டளைச் சட்டமும் கொடுமையான கடன் ஒப்பந்தங்களை மீளத் திறந்து பார்க்கும் அதிகாரத்தை நீதிமன்றுக்கு அளிக்கின்றது.

இனித் தோட்டத்துக் குடியிருப்புக்கு வருவோம். கடனும் குடியிருப்பும் அங்கே பிணைந்த வரலாறு பழையது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்பதை எழுதிக் கொடுத்த 'துண்டு' இன்றி அவர் வேறு தோட்டத்திற் பெயர் பதிய முடியாத காலம் ஒன்றிருந்தது. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிற் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் லயத்துக் காம்பரா வேலையோடு கட்டுண்டே இருந்தது. வேலை போனாற் கூரையும் போம்.

இக்கட்டை முதலில் நீதிமன்றத்திற் சோதித்தவர் கேகாலைப் பகுதித் தொழிலாளர். நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்கென எடுத்து, அங்கிருந்தோரை வெளியேறுமாறு 1946ஆம் ஆண்டிற் பணித்தபோது அவர்கள் மறுத்தனர். குற்றமுறையான அத்துமீறல் என்று வழக்கு எழுந்தது, வேலைநிறுத்தமும் எழுந்தது. இறுதியில் 'மன்னர் எதிர் செல்வநாயகம்' என்னும் வழக்கில் இலண்டன் கோமறைக் கழகம் 1950ஆம் ஆண்டிற் கூறியது இதுவே: தமக்கு உரிமையுண்டென நேர்மையாக நம்பி ஓரிடத்தில் நிற்பவர், அந்நம்பிக்கை சட்டத்தின்படி தவறாயினும், பிறர்க்குத் தொல்லை விளையும் என்பதனாலேயே குற்றவாளி ஆகார்; தொல்லைப்படுத்தலே அவரது தலையாய நோக்கம் என எண்பிக்க வேண்டும். தாம் வாழ்ந்த இடத்தில் வாழ விரும்புவதே அவரது நோக்கமாயின் குற்றம் இல்லை. நேர்மையாகச் சொல்வதாயின் அத்தீர்ப்பு வீட்டுரிமை எதையும் வழங்கவில்லை; பொலிசை விட்டு வெளியேற்றும் எளிய வழியை மட்டுமே அடைத்தது. ஆயினும் போக்கிடமற்ற மக்களுக்கு அது சிறிதன்று. பின்னர் 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம், வேலை நீங்கிய தொழிலாளியையும் நீதிமன்றக் கட்டளையின்றிக் குடியிருப்பினின்றும் அகற்றலாகாது என விதித்தது. எனவே துரையின் கடிதமோ காவற்காரனின் அதட்டலோ, மின்னிணைப்பைத் துண்டித்தலோ வெளியேற்றக் கட்டளை ஆகாது.

1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992ஆம் ஆண்டிலிருந்து பிராந்தியக் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. காணி அரசினது; கம்பனிகள் குத்தகைக்காரர். தொழிலாளர் சிலர் வீட்டுக் கடன் பெற்று, சம்பளத்திற் பிடித்த தவணைகளைக் கட்டி முடித்தும் உறுதி காணாதிருந்தமைக்கு இவ்வமைப்பு ஒரு காரணம். உறுதி இல்லாத வீட்டை எந்த வங்கியும் ஈடாக ஏலாது, ஏலத்திலும் விடாது. இதைப் பாதுகாப்பென்று கொண்டாடுவோரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. வங்கிக்கதவு மூடியிருப்பதனாலேயே அம்மக்கள் நகையை அடகுவைத்தும், வாரவட்டிக் கடன்பட்டும் அல்லலுறுகின்றனர்.

தனிவீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்னும் திட்டமும், இந்திய அரசின் உதவியால் எழுந்த வீடுகளும், 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் இந்நிலையை மெல்ல மாற்றத் தொடங்கின. உறுதி கைக்கு வரும் குடும்பங்கள் அன்றே முதற்பகுதியிற் கூறிய உலகத்துள் காலடி வைக்கின்றன. அவர்கள் செய்யவேண்டியன சில. உறுதியிற் கணவன் மனைவி இருவர் பெயரும் உண்டா, நில அளவைப் படத்தின் இலக்கமும் எல்லைகளும் நிற்கும் வீட்டோடு பொருந்துமா எனப் பார்த்தல் வேண்டும். விற்கவோ ஈடுவைக்கவோ தடைசெய்யும் நிபந்தனை இருப்பின் அதை வாசித்தறிதல் வேண்டும். காணிப் பதிவகத்தில் அது பதியப்பட்டதா என நேரிற் சென்று ஏட்டைப் பார்த்தல் வேண்டும். மூலப்பிரதியை 'பத்திரமாக வைத்துத் தருகிறேன்' என்னும் எவரிடமும் ஒப்படைத்தலாகாது. வழக்குச் செலவுக்கு வழியற்றவர், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். வங்கியோடு பிணக்குள்ளவர் நிதிக் குறைகேள் அதிகாரியிடமும் மத்திய வங்கியிடமும் முறையிடலாம். போகும்போது ஈட்டுமுறி, கடன் வழங்கிய கடிதம், தவணைப் பற்றுச்சீட்டுகள், வந்த கடிதங்கள் அவற்றின் உறைகளோடு என இவற்றை ஒரு கோப்பிற் கட்டிக்கொண்டு போதல் வேண்டும். உறையிலுள்ள தபால் முத்திரையின் திகதி சில வேளைகளில் உள்ளேயுள்ள கடிதத்தினும் பயன்படும்.