ஹைக்கூப் பாவும் அதற்கு மறுமொழியும்

உருவத்தாற் சிறிய பாவகைகளுள் ஜப்பானியரது ஹைக்கூ பெரும்புகழ் வாய்ந்தது. சுப்பிரமணிய பாரதியார் 1916-ஆம் ஆண்டிலேயே ஜப்பானியக் கவிதையைப்பற்றிச் சுதேசமித்திரனில் எழுதித் தமிழர்க்கு இதனை அறிமுகஞ் செய்தனர். இந்நாளில் மாணவர் பலர் தமிழிலும் இதனை எழுதி வருகின்றனர். ஆயினும், மூன்று வரி அமைந்துவிடின் ஹைக்கூ ஆயிற்று என்னும் எண்ணமும் அவரிடை உலவுகின்றது. ஆதலின், இப்பாவின் இயல்பு யாது, அன்றாட வாழ்க்கையும் மக்கள் உறவும் இதனுட் புகுவது எங்ஙனம், ஒருவர் பாடியதற்குப் பிறர் மறுமொழி தரும் முறை யாது என்பனவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

ஹைக்கூ தனிமையிற் பிறந்த பாவன்று. முற்காலத்து ஜப்பானியப் புலவர் பலர் ஓரிடத்துக் கூடித் தொடர்பா இயற்றுவர். ஒருவர் 5, 7, 5 என்னும் அளவில் முதற் பகுதியைப் பாட, அடுத்தவர் 7, 7 என்னும் அளவில் அதனோடு இயையுமாறு பாடுவர். மூன்றாமவர் மீண்டும் முதலளவிற் பாடுவர். பாஷோ என்னும் பெரும்புலவர் (1644-1694) காலத்தில் இங்ஙனம் 36 பகுதிகள் கொண்ட தொடர்பா பெருவழக்காயிருந்தது. முதற் பகுதிக்கு ஹொக்கு என்பது பெயர். அதனை விருந்தினர் பாடுவதும், இரண்டாம் பகுதியை வீட்டுத் தலைவர் பாடுவதும் மரபு. முன்னது அந்தப் பருவத்தையும் அவ்விடத்தையும் சுட்டி விருந்தினர் கூறும் வணக்கம். பின்னது அவ்வணக்கத்தை ஏற்று அளிக்கும் வரவேற்பு. இந்த ஹொக்கே நாளடைவில் தனித்து நிற்கலாயிற்று. மஸவோகா ஷிகி என்பார் (1867-1902) அதனைத் தனிப்பாவாகவே கொண்டு, ஹைக்கூ என்னும் பெயரை நிலைபெறச் செய்தனர். எனவே, மறுமொழி என்பது இப்பாவிற்குப் புறத்தே வந்து சேர்ந்ததன்று. பிறப்பிலேயே உடன் வந்தது என்க.

இனி, இதன் அளவை நோக்குவோம். 5, 7, 5 ஆகிய 17 என்பது எழுத்தெண்ணிக்கையன்று. நம் இலக்கணத்து மாத்திரையை ஒத்ததோர் ஒலியளவு. குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டுமாகக் கணக்கிடுவர். டோக்கியோ என்னும் நகர்ப்பெயர் அவர் மொழியில் நான்கு அளவுடையது. தமிழில் மெய்க்கு அரை மாத்திரையாக, அவர்கள் சொல்லிறுதி னகர ஒலிக்கு முழு அளவு ஒன்று கொடுப்பர். இவ்வேறுபாடுகளால், தமிழில் 17 எழுத்தை எண்ணி அடுக்குவதனால் மட்டும் அவர்தம் ஓசை கைகூடாது. அளவினும் இன்றியமையாதன வேறு இரண்டு உள.

அவற்றுள் ஒன்று பருவச்சொல். பனி, தவளை, மூடுபனி, அறுவடை முதலிய சொற்களுள் ஒன்று பாவில் நின்று இன்ன காலம் என உணர்த்தும். நம் அகப்பாட்டிற் பெரும்பொழுதும் கருப்பொருளும் செய்யும் தொழிலை இஃது ஒருவாறு ஒத்துள்ளது. நான்கடி முதல் எட்டடி வரையுள்ள குறுந்தொகைப் பாட்டிற் பயின்ற தமிழ் மாணவனுக்கு இவ்வுத்தி புதிதன்று. மற்றொன்று வெட்டுச்சொல். நம் ஏகார ஓகார இடைச்சொற்களைப் போன்றதொரு சொல் பாவின் நடுவிலோ ஈற்றிலோ நின்று ஓட்டத்தை நிறுத்தும். நடுவில் நிற்குமாயின் இரு காட்சிகள் அருகருகே நிற்கும். அவற்றை இணைக்கும் வேலை படிப்பவர் உள்ளத்திற்கு விடப்படும்.

பருவமும் இடமும் மாற்றலாகாத உறுப்புகள் என்பதற்குப் பாஷோவின் மாணாக்கரான கியோராய் ஒரு நிகழ்ச்சியைக் குறித்துள்ளார். பாஷோவின் பாவொன்றில் ஓமி நாட்டு மக்களும் இளவேனிலின் முடிவும் இடம்பெற்றன. ஷோஹாகு என்னும் மற்றொரு மாணாக்கர், ஓமிக்குப் பதில் தம்பா நாட்டையும், இளவேனிலின் முடிவுக்குப் பதில் ஆண்டின் முடிவையும் வைத்தாலும் பொருந்துமே எனக் குறை கூறினர். இக்குறையைப் பற்றி ஆசிரியர் வினவ, கியோராய் அது பொருந்தாதென மறுத்தார். ஓமி பீவா ஏரி பரந்த நாடு; அந்நீர்ப்பரப்பில் இளவேனிலின் மென்மூட்டம் படிந்திருக்குங்கால் பிரிவிரக்கம் தோன்றுதல் இயல்பு; இது நேரிற் கண்டு உணர்ந்த பாட்டு என்பது அவர் விடை. ஆசிரியர் பெரிதும் மகிழ்ந்து, கவிதையைப் பற்றி உடனிருந்து பேசத் தக்கவர் இவர் எனப் பாராட்டினர். நல்ல மறுமொழி வெறும் புகழ்ச்சியன்று. பாடியவன் எங்கு நின்று எதனைக் கண்டானோ அங்கே தானும் சென்று நின்று காண்பதாம்.

அன்றாட வாழ்க்கையை இப்பாவிற்குப் பொருளாக்கியவருள் கொபயாஷி இஸ்ஸா (1763-1828) குறிப்பிடத்தக்கவர். ஷினானோ நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, இளமையிலேயே தாயை இழந்து, மாற்றாந்தாயோடு ஒத்துவாழ இயலாமல் பதினைந்தாம் வயதில் எடோ நகருக்கு அனுப்பப்பட்டவர் இவர். தந்தை இறந்தபின் குடும்பச் சொத்தைப் பற்றிய வழக்கு 1813 வரை நீண்டது. பின்னர் மணம் புரிந்து பெற்ற மக்களும் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். அன்பு மகள் ஸாத்தோ 1819-இல் வைசூரியால் மாண்டாள். அவ்வாண்டின் நிகழ்ச்சிகளை உரையும் பாவுமாக இவர் எழுதிய நூல் இன்றும் படிப்பவர் கண்ணை நனைக்கின்றது. ஈ, தெள்ளு, நத்தை, சிட்டுக்குருவி ஆகிய சிற்றுயிர்களை உறவினர்போல் விளித்துப் பேசுதல் இவர் இயல்பு. ஷிகியோ முதுகெலும்பைப் பற்றிய க்ஷயரோகத்தால் ஆண்டுக்கணக்கிற் படுக்கையிற் கிடந்து, தாயும் தங்கையும் பணிவிடை செய்ய, அறையினின்று தோன்றிய சிறு தோட்டத்தையே உலகமாகக் கொண்டு பாடினர். கண்டதைக் கண்டவாறு தீட்டுக என்பதே இவர் கொள்கை. இவ்விருவர் வாழ்க்கையும் நமக்கு உணர்த்துவது ஒன்றே: பாடுபொருளைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை.

தமிழில் எழுதப் புகும் மாணவன் செய்ய வேண்டுவது என்னை? விடுமுறை கழித்து வீட்டை விட்டுப் பிரியும் துயரை எடுத்துக்கொள்வோம். 'அன்னையின் அன்பிற்கு ஈடில்லை, பிரிவு கொடிது' என எழுதின் அஃது எவர்க்கும் பொருந்தும் பொதுமொழி; அங்கே ஒரு தாயும் இல்லை, ஒரு மகனும் இல்லை. அதனை இவ்வாறு எழுதிப் பார்க்கலாம்:

ஆனிக் காற்று;
அம்மா கட்டித் தந்த பொதியில்
இன்னும் சோற்றின் சூடு.

இதில் அன்பு என்னும் சொல்லும் பிரிவு என்னும் சொல்லும் இல்லை. ஆனிக்காற்று கல்லூரி திறக்கும் காலத்தைக் காட்டுகின்றது. பொதியின் சூடு எஞ்சியவற்றைச் சொல்லுகின்றது. இதற்கு மறுமொழி கூறும் தோழன், 'என்ன அருமையான பாட்டு' என நின்றுவிடலாகாது. அதன் பொருளை விரித்துரைத்தலும் ஆகாது. தொடர்பா மரபில் ஒவ்வொரு பகுதியும் முன்னதோடு இணைதல் வேண்டும். இணைந்தும் ஓரடி அப்பாற் செல்லுதல் வேண்டும். அவன் இங்ஙனம் விடையளிக்கலாம்:

அடுக்களையில் இன்று
நனையாத வட்டில் ஒன்று.

மகன் கையிலிருந்த பொதியினின்று பாட்டு தாயின் அடுக்களைக்குத் திரும்பிவிட்டது. மகன் காணாததைத் தோழன் கண்டு கொடுத்தான். இதுவே மறுமொழியின் பயன்.

ஜப்பானில் ஹைக்கூக் கழகங்கள் இன்றும் பின்பற்றும் முறையொன்று நம் விடுதிகளுக்கும் ஏற்றது. கூடியவர் ஒவ்வொருவரும் தம் பாக்களைப் பெயரின்றிச் சீட்டுகளில் எழுதித் தருவர். சீட்டுகளைக் கலந்து, கையெழுத்தாற் கண்டுகொள்ளாவண்ணம் பிறர் பெயர்த்தெழுதுவர். பின்னர் யாவரும் தமக்குப் பிடித்தவற்றைத் தெரிந்தெடுக்க, அவை உரக்கப் படிக்கப்படும். தம் பாவைக் கேட்டபோதே ஆக்கியோர் தம் பெயரைச் சொல்லுவர். இம்முறையில் ஆசிரியரென்றும் மாணவரென்றும், மூத்தவரென்றும் இளையவரென்றும் வேற்றுமையில்லை. முதலாண்டு மாணவன் பாட்டைப் பேராசிரியர் தேர்ந்தெடுத்தலும், பேராசிரியர் பாட்டை ஒருவரும் தீண்டாது விடுதலும் நிகழக்கூடும். புகழ் விருப்பும் முகத்தாட்சணியமும் நீங்கிப் பாட்டு ஒன்றே எஞ்சும்.

இவ்வாறு பயில்வதனால் எல்லாரும் கவிஞராகிவிடுவர் என யாம் கூறவில்லை. ஒரே அறையில் ஓராண்டு உடனுறைந்தும், தோழன் வீட்டு நிலையையோ அவன் மௌனத்தின் காரணத்தையோ அறியாது பிரிவோர் உளர். நாள்தோறும் உணவு பரிமாறும் கையை நிமிர்ந்து நோக்காதாரும் உளர். மூன்று வரி எழுதுதற்பொருட்டேனும் ஒருவன் அவற்றை ஒருகணம் உற்று நோக்குவனாயின், தோழன் எழுதியதற்கு இரண்டு வரி விடையளித்தற்பொருட்டேனும் அவன் நின்ற இடத்தில் தான் நிற்பனாயின், அப்பயிற்சி வீண்போகாது. இப்பருவத்திலேயே நம் மாணவர் சிலர் கூடி இதனைத் தொடங்குவாராக.