கோகோவின் புளிப்பை ஆராய்ந்த பேராசிரியை

தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கும் பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதி விவசாயிகளுக்கு, விதையைப் புளிக்க வைத்து உலர்த்தும் வேலையின் தொல்லை தெரியும். காயை உடைத்து ஈர விதையாகவே விற்றுவிடுவோர் பலர். பக்குவம் செய்த உலர் விதைக்குத்தான் நல்ல விலை. ஆனால் பக்குவம் பிசகினால் விதை புளித்துவிடும். அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமான ஒருவர் மலேசிய நாட்டு முஸ்லிம் பெண்மணி, உணவு விஞ்ஞானப் பேராசிரியை ஜினாப் செலாமட்.

ஜினாப் என்பது அவர் பெயர், செலாமட் தகப்பனார் பெயர். மலாய்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவர் பெயர் எஸ். ஜினாப் என்றே அச்சாகிறது. நம் ஊர் இனிஷியல் வழக்கம் போலத்தான்.

அவர் பணியாற்றிய பல்கலைக்கழகம் செர்டாங் என்ற ஊரில் உள்ளது. 1931ல் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971ல் விவசாயப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1997ல் புத்ரா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. 1970, 80களில் மலேசிய அரசு மலாய்க் குடும்பத்துப் பிள்ளைகளை, ஆண் பெண் இரு பாலாரையும், உதவித்தொகை கொடுத்து வெளிநாடுகளுக்கு மேல்படிப்புக்கு அனுப்பி வந்தது. ஜினாப் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், கோகோ ஆராய்ச்சியில் பெயர் பெற்ற பேராசிரியர் டிமிக்குடன் சேர்ந்து ஆய்வு செய்தார். பெண்ணை வெளியூருக்குப் படிக்க அனுப்பத் தயங்கும் பெற்றோர் நம்மிடையே எல்லாச் சமூகத்திலும் உண்டு. அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்போது மலேசியாவில் கோகோ கொடிகட்டிப் பறந்தது. 1990 வாக்கில் ஆண்டு விளைச்சல் 2 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் உலகச் சந்தையில் கானா நாட்டு விதைக்குக் கிடைத்த விலை மலேசிய விதைக்குக் கிடைக்கவில்லை. புளிப்பு அதிகம், சாக்லேட் மணம் குறைவு என்று வாங்குவோர் விலையைக் குறைத்தார்கள். இத்தனைக்கும் மலேசியத் தோட்டங்களில் பெரிய மரப்பெட்டிகளும் வெப்பக்காற்று உலர்த்திகளும் இருந்தன. கானாவில் சிறு விவசாயிகள் விதையைத் தரையில் குவித்து, வாழை இலையால் மூடி, பிறகு பாயில் பரப்பி வெயிலில் காய வைத்தார்கள். விலை இவர்களுக்குத்தான்!

ஜினாப்பும் டிமிக்கும் பல நாட்டு விதைகளை வாங்கி அமிலத்தை அளந்தார்கள். இந்த ஆய்வு 1990ல் வெளிவந்தது. பி.எச். அளவு குறையக் குறையப் புளிப்பு கூடும் என்பது மண் பரிசோதனை செய்தவர்களுக்குத் தெரிந்ததே. சில நாட்டு விதைகளில் இது 4.75 வரை இறங்கியிருந்தது, சிலவற்றில் 5.8 வரை இருந்தது. 1995ல் வெளியான ஆய்வில் அந்த விதைகளைச் சாக்லேட்டாக்கி, ருசி பார்ப்பவர்களிடம் கொடுத்தார்கள். மிகப் புளித்ததும் தேறவில்லை, புளிப்பே குறைந்ததும் தேறவில்லை. நடுத்தரமான 5.2 முதல் 5.5 வரை உள்ளதே அதிக மதிப்பெண் பெற்றது. ஆகவே புளிக்கவே விடாமல் காய வைப்பதும் பரிகாரம் ஆகாது.

விதையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சதையில் இருக்கும் சர்க்கரையை முதலில் ஈஸ்ட் சாராயமாக்குகிறது. பிறகு காற்று புகும்போது பாக்டீரியாக்கள் அதைக் காடி அமிலமாக்குகின்றன. சூடு 45 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அமிலமும் சூடும் சேர்ந்து விதையின் முளையைக் கொல்ல, சாக்லேட் மணத்துக்கான சத்துகள் உள்ளே உருவாகின்றன. எனவே அமிலம் வேண்டும். வேலை முடிந்ததும் அது வெளியேறவும் வேண்டும். காடி அமிலம் ஆவியாகக் கூடியது. மெதுவாக உலர்த்தினால் தோல் வழியே போய்விடும். கடும் வெப்பத்தில் அவசரமாக உலர்த்தினால் மேல்தோல் இறுகி, அமிலம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். உலர்த்தும் முறைக்கும் அமிலத்துக்கும் உள்ள தொடர்பை ஜினாப் 1994ல் வெளியிட்ட ஆய்வில் தனியாக ஆராய்ந்தார்.

பின்னாளில் மலேசிய விவசாயிகள் எண்ணெய்ப் பனைக்கு மாறினார்கள். காய்த் துளைப்பானும் விலை வீழ்ச்சியும் கோகோவை ஒழித்துக்கட்டின. பேராசிரியை உணவுப் பாதுகாப்பு ஆய்வுக்குத் திரும்பினார். காய்ந்த மிளகாய், மிளகில் உள்ள பூசண நஞ்சு, கரி நெருப்பில் சுட்ட இறைச்சியில் உண்டாகும் நச்சுப் பொருள்கள் முதலியவற்றை ஆராய்ந்தார். அவருடன் ஆய்வு செய்ய ஈரானிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். இறைச்சியை முன்கூட்டி ஆவியில் வேக வைத்து, வாழை இலையில் சுற்றிச் சுட்டால் நஞ்சு குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள்.

நமக்குக் கோகோ இன்னும் இருக்கிறது. பழுத்த காய்களை மட்டும் பறித்து, மூன்று நான்கு நாள் நிழலில் வைத்திருந்து, மரக்கட்டையால் தட்டி உடையுங்கள். இதனால் சதையின் ஈரம் குறைந்து புளிப்பும் மட்டுப்படும். கத்தி பட்டால் விதை காயப்பட்டுப் பூசணம் பிடிக்கும். நடு நரம்பை நீக்குங்கள். சாறு வடிய அடியில் வழி உள்ள மூங்கில் கூடையில் வாழை இலை விரித்து விதையை நிரப்பி, மேலும் இலையால் மூடுங்கள். மறுநாள் சாக்கு போர்த்துங்கள். மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கிளறிவிட்டு, ஆறு நாள் முடிந்ததும் வெயிலில் மெல்லிய பரப்பாக உலர்த்துங்கள். மழைக்காலத்தில் அடுப்புச் சூட்டில் உலர்த்துவோர் புகை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகை வாடை பிடித்தால் எடுக்கவே முடியாது.

ஒரு பிடி விதையைக் கையில் இறுக்கினால் சரசரவென்று நொறுங்கும் சத்தம் கேட்க வேண்டும். அப்போது ஈரப்பதம் சுமார் 7 சதத்துக்கு வந்திருக்கும். நான்கைந்து விதைகளை நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே பழுப்பு நிறமும் பிளவுகளும் இருந்தால் பக்குவம் சரி. சிலேட்டு நிறமாகக் கெட்டியாக இருந்தால் புளிக்கவே இல்லை என்று பொருள். ஊதாவாக இருந்தால் அரைகுறை. அடுத்த கூடையில் இன்னும் நன்றாக மூடிச் சூட்டைக் காக்க வேண்டும்.